லிப்ட்காரர் வீட்டுச் சிரிப்பு

ஐந்தாம் மாடியில், லிப்ட் கதவுக்கு முன்னால், கையில் ஈரத் துணியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். கணவனைக் கொண்டுவந்து கிடத்தப்போகும் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தவள், ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டது என்று யாரோ சொன்னதும் துணியை வைக்க மறந்து அப்படியே வெளியே வந்துவிட்டாள். கதவுக்கு மேலே எண்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. அதற்குப் பிறகு எதுவும் எரியவில்லை. உள்ளே ஓர் உறுமல் கேட்டது. பிறகு சங்கிலி உதறுவதுபோல ஒரு சத்தம் கேட்டு, அதுவும் அடங்கியது.

"என்னாச்சு? நின்னுடுச்சா?" என்றார் பெரியப்பா. அவள் கணவனின் அண்ணன். வாழ்நாளெல்லாம் மருந்துக்கடை நடத்தியவர். அவள் மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த மாடி முழுவதற்குமே அவர் பெரியப்பா ஆகிவிட்டார்.

கீழேயிருந்து பதில் வந்தது, லிப்ட் குழிக்குள்ளிருந்து. "மேல யாராவது இருக்கீங்களா? மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டோம்!"

மாட்டிக்கொண்டவர்கள் மூன்று பேர். இருவர் வண்டியோடு வந்த ஆட்கள். மூன்றாமவர் அவள் கணவர். முந்தின நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, ஷூவைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்தவர், ஒரு ஷூவைக் கழற்றினார், இன்னொன்றைக் கழற்றவில்லை. மாரடைப்பு என்றார்கள். அந்தக் கட்டடத்தின் மாடிப்படி குறுகல். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரை வளைக்க முடியாது. அதனால் பட்டையால் இறுக்கிக் கட்டி, லிப்டில் நிற்கவைத்துக் கொண்டுவந்தார்கள். உயிரோடிருந்தவரை, பழுது பார்க்கப் போய், ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்டுகளில் நின்று ஏறி இறங்கியவர்தான். கட்டடத்தில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. லிப்ட்காரர் என்றால்தான் தெரியும்.

இந்த லிப்டைப் பற்றி அவர் எத்தனையோ மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மூணாவது மாடிக் கதவு லாக் தேஞ்சுபோச்சு. ஒரு நாள் நடுவழியில நிக்கும் பாருங்க." குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் எதிர்வீட்டிலேயே இருந்தார். ஒவ்வொரு முறையும், "பாக்கலாம், பாக்கலாம், நீங்க உடம்பைக் கவனிங்க" என்று அன்பாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். மண்டைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் சொல்லி லிப்டைப் பிரிக்க எந்தச் சங்கம் ஒப்புக்கொள்ளும்? அந்தச் செயலாளரும் இப்போது லிப்ட் வாசலில்தான் இருந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு, துக்க முகத்தோடு.

அப்போதுதான் மகள் சிரித்தாள்.

முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள் என்றே நினைத்தார்கள். நேற்றிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எதிர்வீட்டம்மா அணைத்துக்கொள்ளக் கையைக்கூட நீட்டிவிட்டாள். ஆனால் வந்தது சிரிப்பு. வாயைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாள். "சொன்னாருல்ல! அப்பா சொன்னாருல்ல!" என்றாள் செயலாளரைப் பார்த்து. மேலே சொல்ல முடியாமல் மறுபடியும் சிரித்தாள்.

நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை அம்மாவுக்குப் பழக்கம். இருபது வருஷமாக அது அவள் கணவன்மேல் விழுவதைப் பார்த்திருக்கிறாள். இன்று அவர் லிப்டுக்குள் இருந்ததால், அது மகள்மேல் விழுந்தது.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மெஷின் ரூம் சாவி வாட்ச்மேன்கிட்டதான இருக்கு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், வீட்டுக்குள் போய் அப்பாவின் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு படியில் கீழே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேனோடு திரும்பி, ஐந்தாம் மாடியைத் தாண்டி மொட்டைமாடிக்கு ஏறினாள்.

"கம்பெனிக்குப் போன் பண்ணியாச்சு. வர ரெண்டு மணி நேரமாகுமாம்" என்றார் செயலாளர், யாரையும் பார்க்காமல்.

பெரியப்பா தம்பி மனைவியைச் சமையலறைக்குள் அழைத்துப் போனார். கதவைப் பாதி சாத்தினார். போனில் யாரோ இணைப்பில் இருந்தார்கள். "டாக்டர்தான்" என்று வாயசைத்தார். பிறகு போனில், "ஆமா சார், திடீர்னு. அப்பன் பொணம் அந்தரத்துல தொங்குது, இவ சிரிக்கறா. இப்ப மெஷினை ஓட்டறேன்னு மேல போயிருக்கா. நேத்துலேருந்து அழவே இல்ல. தூங்கவும் இல்ல" என்றார். கேட்டுக்கொண்டார். "சரி சார். சரி சார். திங்கக்கெழமை கூட்டிட்டு வரோம்."

போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை. தம்பிக்காக எத்தனை ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தவர்.

"ஏம்மா, டாக்டர் என்ன சொல்றார்னா, இது ரத்தத்துல வர்றதாம். அப்பன் போன அதிர்ச்சியில கிளம்பியிருக்கலாமாம். சின்ன வயசு, இப்பவே புடிச்சா நல்லதுங்கறார். ஒரு ஃபைல் போட்டுடலாம்னு சொல்றார்."

"ஃபைலா?" என்றாள் அவள்.

"இப்போதைக்கு இவனோட மாத்திரையிலேயே பாதி குடுக்கச் சொன்னார். டீயில கலந்து குடு. கொஞ்சம் தூங்குவா. அடக்கம் முடியட்டும்."

"தூங்கினா அப்பாவை வழியனுப்ப முடியாதே, அத்தான்."

"வந்திருக்கறவங்க முன்னாடி இன்னொரு தடவை இப்படி ஆனா நல்லாவா இருக்கும்? நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது கெட்டது நடக்க வேணாமா? யோசிச்சுப் பாரு."

அலமாரியிலிருந்து அவரே டப்பாவை எடுத்து, ஒரு மாத்திரையை விரல் நகத்தால் இரண்டாக உடைத்தார். கடைக்காரர் கை. பொடி சிந்தாமல் சரிபாதியாக உடைந்தது.

அவள் டீ போட்டாள். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் அவளுக்கு நினைவுக்கு வந்ததெல்லாம் பேர்கள்தான்.

அவருக்கு முதல் ஃபைல் போட்டபோது வந்த பேர் மனச்சிதைவு. உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டபோது அவளுக்கு ஒரு நிம்மதி. பேர் தெரிந்துவிட்டது, இனி மருந்து தெரிந்துவிடும் என்று நினைத்தாள். அந்தப் பேர் எப்படி வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. டாக்டர் அவரிடம், "காதுல ஏதாவது சத்தம் கேக்குதா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "கேக்குதுங்க. மேல பேரிங் தேஞ்சுபோச்சு" என்றிருக்கிறார். "யார் சொன்னது?" என்று கேட்டதற்கு, "யாரு சொல்லணும், மோட்டாரே சொல்லுதே!" என்றிருக்கிறார். அந்த ஆஸ்பத்திரி லிப்டைத்தான் சொன்னார். டாக்டர் அதை விறுவிறுவென்று எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் அந்த லிப்ட் பழுதாகி நின்றது. அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

சில வருஷம் கழித்து வேறு டாக்டர் வந்தார். இது மனச்சிதைவே இல்லை, இருமுனைக் கோளாறு என்றார். மாத்திரை மாறியது. அதற்கடுத்தவர் இரண்டும் கலந்தது என்றார். அதற்கும் அடுத்தவர் ஆளுமைக் கோளாறு என்று சொல்லிவிட்டு வெளிநாடு போய்விட்டார். லிப்ட்காரர் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்து, "பஸ் அதே பஸ்தான். போர்டை மட்டும் மாத்திக்கிட்டே இருக்காங்க" என்பார். அவள் சிரிக்க மாட்டாள். சிரித்தால் நோயை லேசாக எடுத்துக்கொண்டதாகிவிடுமே என்று பயம்.

அவருக்கு ஒன்றுமே இல்லை என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. இருந்தது. விடிய விடியத் தூங்காமல் ஹாலில் நடந்த காலம் உண்டு. சுவரைப் பார்த்துப் படுத்தவர் சாப்பாட்டுக்குக்கூடத் திரும்பாத மாதங்கள் உண்டு. ஏதோ ஒரு மாத்திரை அவரைத் தூங்கவும் வைத்தது. அதற்கு அவள் நன்றியோடுதான் இருந்தாள். ஆனால் பேர் வந்த பிறகு அந்த வீட்டில் அவருக்குக் கோபம் வரவில்லை, அறிகுறிதான் வந்தது. சந்தோஷம் வந்தாலும் அறிகுறி. ஒரு நாள் அவளுக்கு ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு வாங்கிவந்தார். கண்டபடி செலவு செய்தால் உடனே சொல்லுங்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அவள் செருப்பைக் காலில் போட்டுப் பார்க்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தாள். மனுஷன் பெண்டாட்டிக்குச் செருப்பு வாங்கினதற்கு அந்த வாரம் டோஸ் கூடியது.

பேர் அவரோடு நிற்கவும் இல்லை. "பொண்ணுக்கும் வரலாம், ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்றார் ஒருவர். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணையும் வைத்தாள். பெண் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், வேகமாகப் பேசுகிறாளா, தனியாக உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்தாள். பார்க்கப்படுவது தெரிந்துதான் அந்தப் பெண் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டாள். இப்போது பல் ஆஸ்பத்திரியில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறாள். அவள் பல் தெரியச் சிரித்து இன்றுதான் அம்மா பார்த்தாள்.

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. பெரியப்பா அரை மாத்திரையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கித் தம்ளரில் போட்டார். அவள் டீயை அதன்மேல் ஊற்றினாள். சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டாள், கசப்பு தெரியாமலிருக்க. அதுவும் பழகின கைதான்.

"நான் கொண்டுபோகட்டுமா?" என்றார் பெரியப்பா.

"வேணாம். நீங்க குடுத்தா குடிக்க மாட்டா" என்றாள்.

மொட்டைமாடியில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையின் இரும்புக் கதவு திறந்துகிடந்தது. இத்தனை வருஷம் லிப்ட்காரர் மனைவியாக இருந்தும் அவள் ஒரு மெஷின் ரூமுக்குள் கால் வைத்ததில்லை. உள்ளே கிரீஸ் வாடை. சூடு. நடுவில் பெரிய மோட்டாரும், அதன் பக்கவாட்டில் ஓர் இரும்புச் சக்கரமும் இருந்தன. மகள் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் குந்தி, கம்பிக்கயிறுகள் இறங்கும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. நல்ல நேரத்துல வந்த. வாட்ச்மேனைக் கீழ காவலுக்கு அனுப்பிட்டேன், யாரும் கதவைத் தொறந்துடக் கூடாதுன்னு. மெயினை ஆஃப் பண்ணியாச்சு. இனிமே கையாலதான் சுத்தி ஏத்தணும். தனி ஆளால முடியாது. ஒருத்தர் இந்த லிவரை அமுக்கிப் பிடிச்சாதான் பிரேக் விடும், இன்னொருத்தர் சக்கரத்தைச் சுத்தணும். நாலாவது மாடியில இறக்கினா படியில திருப்ப முடியாது. அஞ்சு வரைக்கும் கொண்டுவந்துடலாம். டீயைக் கீழ வை. ரெண்டு கையும் வேணும்."

மூச்சு விடாமல் பேசினாள். அம்மா மகளின் கண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு டாக்டர்கள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கை நடுங்கவில்லை. பேச்சு வேகம்தான். லிப்ட்காரரும் இப்படித்தான் பேசுவார், கையில் ஸ்பேனர் இருக்கும்போது. வேலை தெரிந்தவர்கள் எல்லோருமே வேலை நேரத்தில் இப்படித்தான் பேசுவார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் பட்டது. இதை அந்த டாக்டர்களில் ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள்.

தம்ளரைத் தரையில் வைத்தாள்.

"பிடின்னா பிடி, விடுன்னா விடு. வேற எதையும் யோசிக்காத. பிடி."

பிடித்தாள். லிவர் முரண்டுபிடித்து, பிறகு இறங்கியது. மகள் சக்கரத்தைத் தள்ளினாள். அது ஆச்சரியமான அளவுக்கு லேசாகச் சுற்றியது. கயிறுகள் மெல்ல நகர்ந்தன.

"இவ்வளவு லேசா இருக்கே?" என்றாள் அம்மா.

"எதிர்ப்பக்கம் பாரம் கட்டியிருக்குல்ல. பெட்டி காலியா இருந்தா மேல இழுக்கும். ரொம்பினா கீழ இழுக்கும். சரியா பாதி ஆள் நின்னா எந்தப் பக்கமும் இழுக்காது, சும்மா விரலால தள்ளினாலே போகும். அப்பா லீவு நாள்ல கூட்டிட்டுப் போனா இதைத்தான் சுத்தவிடுவார். இது ஆறு பேர் லிப்ட். இப்ப மூணு பேர் இருக்..." 

அவள் நிறுத்திக்கொண்டாள். சக்கரமும் நின்றது. "விடு" என்றாள் மெதுவாக. அம்மா லிவரை விட்டாள். பிரேக் டக்கென்று பிடித்துக்கொண்டது. மகள் சக்கரத்தின்மேல் இரண்டு கையையும் வைத்து, அவற்றின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. சத்தம் வரவில்லை.

அம்மா மகளின் பக்கத்தில் போய் நின்றாள். எதுவும் கேட்கவில்லை. என்ன செய்கிறது, எப்படி இருக்கிறது, தூங்கினாயா என்று எதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்விகள் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. ஒன்றையும் வெளியே விடாமல் நின்றது அவளுக்குச் சக்கரம் சுற்றுவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது.

சற்றுப் பொறுத்து மகள் நிமிர்ந்தாள். புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கிரீஸ் கன்னத்தில் அப்பியது. "தொண்டை காஞ்சுபோச்சு" என்று சொல்லிக் குனிந்து தம்ளரை எடுத்தாள்.

உதட்டுக்குப் போன தம்ளரை அம்மா பிடுங்கினாள். கொஞ்சம் டீ இருவர் கையிலும் சிந்தியது.

"என்னம்மா?"

"இது வேணாம். ஆறிப்போச்சு."

"ஆவி வருதே."

அம்மா தம்ளரோடு வெளியே போய், மழைத்தண்ணீர் வடியும் துவாரத்தில் டீயைக் கொட்டினாள். தம்ளரின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக் குழாயைத் திறந்து, விரலை விட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஒரு முறை போதாது என்று தோன்றி மறுபடியும் கழுவினாள். பிறகு அதிலேயே தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மகள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தம்ளர் அடியில் ஒட்டும் வெள்ளை என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, தண்ணீரை முழுவதும் குடித்தாள்.

"பிடிக்கவா?" என்றாள் அம்மா.

"பிடி."

சக்கரம் மறுபடி சுற்றியது. கயிற்றில் அடித்திருந்த மஞ்சள் வண்ணக் கோடு ஒன்று மேலேறி வந்தது. "நாலாவது மாடி தாண்டறாங்க" என்றாள் மகள். சரியாக அந்த நேரத்தில் துளை வழியாக, கீழேயிருந்து வண்டி ஆள் ஒருவனின் குரல் வந்தது. பாவம், இருட்டில் இவ்வளவு நேரம் பிணத்தைக் கட்டிப்பிடித்து நின்றவன். மரியாதை குறையாமல் கேட்டான்.

"அம்மா, ஒரு சந்தேகம். நாங்க மேல போறமா, கீழ போறமா?"

இன்னொரு குரல் அவனை அதட்டியது. "உனக்கு இப்ப அந்தக் கவலைதான் முக்கியமா? சார் எங்க போறாரோ அங்கதான்டா நாமளும்."

மகளின் தோள் குலுங்கியது. உதட்டை இறுக மூடிக்கொண்டாள். கன்னம் உப்பியது. கண்ணோரமாக, களவாக, அம்மாவைப் பார்த்தாள். அத்தனை வருஷத்துப் பழக்கம் அது.

அம்மாவுக்குத்தான் முதலில் வெடித்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பெரிய சத்தமாக வெளியே வந்தது. மகள் திகைத்துப் பார்த்தாள். அப்புறம் அவளும் அடக்கவில்லை. ஒருத்தி லிவரையும் ஒருத்தி சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்கள். கயிறு இறங்கும் துளை வழியாகச் சிரிப்பு லிப்ட் குழிக்குள் விழுந்து, மாடி மாடியாக எதிரொலித்தது.

ஐந்தாம் மாடியில் காலடிச் சத்தங்கள் கேட்டன. பெரியப்பா லிப்ட் கதவுக்கு அருகே வந்து கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது.

"யாரது சிரிக்கறது? பாப்பாவா?"

மகளின் சிரிப்பு பட்டென்று நின்றது. அவள் வாய் தானாக மூடிக்கொண்டதை அம்மா பார்த்தாள். லிவரை விடாமல், துளையின் பக்கமாகக் குனிந்தாள்.

"நான்தான், அத்தான்" என்றாள் உரக்க.

அவள் நிமிர்ந்து, இரண்டு கையாலும் லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ம், சுத்து" என்றாள் மகளிடம்.